இடுக்கி கஞ்சா: தடையும் விலக்குக் கோரிக்கையும்

கேரளத்தின் இடுக்கி மாவட்ட மலைக்காடுகளில் கள்ளத்தனமாக விளைந்து, ‘இடுக்கி கோல்டு’ என்று பெயரெடுத்தது ஒருவகைக் கஞ்சா. 2013இல் வெளியான மலையாளப் படமொன்றுக்கும் அதுவே தலைப்பு. கலால், வனத்துறை வேட்டைகளால் சாகுபடி ஒடுங்கியது. இன்று கேரளத்தில் பிடிபடுவதில் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லைச் சரக்கு. பெயர் மட்டும் இடுக்கியுடையது.

இந்தியாவில் கஞ்சாவுக்கான தடை பழையதன்று. ஆங்கிலேயர் அமைத்த இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் (1893–94), ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கில்லை, முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்றது. 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் நிலைமையை மாற்றியது. அதன் வரையறையில் இலையும் விதையும் சேராததால், இலையில் செய்யும் பாங்கு தப்பியது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூங்கொத்தையும் பிசினையும் குற்றமாக்கியது. இன்று அச்சட்டப்படி பூங்கொத்தில் 1 கிலோ வரை சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டுகள். ஒரே செடியின் இலைக்குச் சில மாநிலங்களில் உரிமக் கடை, பூவுக்குச் சிறை என்பது விசித்திரமே.

தடைநீக்கம் கோருவோர் ஆணைய அறிக்கையையும், கடத்தல்காரனை விட்டுச் சுமைகூலி சிக்குவதையும் காட்டுகின்றனர். இரண்டாவது வாதமே வலுவானது. இளவயதில் தொடர்ந்து புகைப்போருக்கு மனநோய் அபாயம் கூடுவது எதிர்த்தரப்பின் மறுக்கமுடியாத வாதம். 2020 டிசம்பரில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து ஐ.நா. ஆணையம் 27–25 வாக்குகளில் நீக்கியது. இந்தியா ஆதரித்தே வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டத்திலோ பூங்கொத்து குற்றப்பொருளாகவே நீடிக்கிறது.