ஸ்பானிஷ் பெயர்ப் புராணம்

டோலோரஸ். கேட்க எவ்வளவு ஸ்டைலா இருக்கு! குழந்தைகளுக்குப் பெயர் வைக்கப் பட்டியல் போடுகிற புத்தகங்களில் இதற்கு நேரே 'ஸ்பானிஷ் பெயர். பொருள்: துயரங்கள்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். முதல்முறை படிச்சப்ப எனக்குப் பகீர்னு ஆச்சு. பெத்த பொண்ணுக்கு யாராவது துயரம்னு பேர் வைப்பாங்களா?

வைப்பாங்க. நம்ம ஊர்லயே வச்சிருக்காங்க. வியாகுலமேரி என்ற பெயரைக் கேள்விப்பட்டதில்லையா? அதேதான் இது. முழுப்பெயர் மரியா தெ லோஸ் டோலோரஸ், அதாவது வியாகுல மாதா. ஸ்பெயினில் வீட்டுக்கு வீடு மரியா இருந்ததால், எந்த மரியா என்று சொல்ல வால் ஒன்று தேவைப்பட்டது. நாளடைவில் தலை போய் வால் மட்டும் நின்றுவிட்டது. பிலார் என்றால் தூண். சரகோசா நகரில் தூண்மேல் நிற்கும் மாதா. சோலெதாத் என்றால் தனிமை. மெர்சிடிஸ் என்றால் கருணைகள். ஆமாம், அந்தக் காரேதான்! ஆஸ்திரியக்காரர் எமில் ஜெலினெக் தன் மகளைச் செல்லமாக மெர்சிடிஸ் என்று கூப்பிட்டார். அவர் ஆர்டர் கொடுத்த கார்களுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கிச்சு. ஜெர்மன் காருக்கு ஸ்பானிஷ் மாதா பெயர்.

நியெவெஸ் என்று இன்னொன்று. பொருள், பனி. ஆகஸ்டு 5 திருநாள். தூத்துக்குடிக்காரர்கள் இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. பனிமய மாதா! இந்த நியெவெஸை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, திரும்ப வருவாள்.

ஆண்கள் பெயர் வேறு ரகம். ரொட்ரிகோ, பெர்னாண்டோ, அல்வாரோ, அல்போன்சோ இதெல்லாம் லத்தீனே கிடையாது. ஐந்தாம் நூற்றாண்டில் வந்து இறங்கி, 711-ல் அரபுப் படையிடம் ஆட்சியைப் பறிகொடுத்த விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனம் விட்டுப்போனவை. மொழி அழிஞ்சு போச்சு, பேர் மட்டும் நின்னுது. போர்த்துகீசியர் வழியாக நம்ம கடற்கரைக்கும் பர்னாந்து, ரொட்ரிகோ என்று வந்து சேர்ந்துவிட்டது.

ஆக, 'ஸ்பானிஷ் பெயர்' என்பதே ஒரு கதம்பம்தான். ஆனால் ஒருத்தர் வந்து, இதில் எது ஸ்பானிஷ், எது இல்லைன்னு நான்தான் முடிவு பண்ணுவேன்னு உட்கார்ந்தார் பாருங்க, அங்கேதான் கதையே இருக்கு.

1938 மே 18. உள்நாட்டுப் போர் இன்னும் முடியவில்லை. பாஸ்க் நகரமான கெர்னிகாவில் குண்டு போட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்த நிலையில் பிராங்கோவின் அரசுக்கு அவசரமாகத் தோன்றிய வேலைகளில் ஒன்று, குழந்தைகளின் பெயர். அன்று வந்த ஆணை சொன்னது இதுதான்: ஸ்பெயின்காரனாகப் பிறந்தால் பெயரைக் காஸ்தீலிய மொழியில் பதிய வேண்டும். (நாம் ஸ்பானிஷ் என்று சொல்வது காஸ்தீலியத்தைத்தான். பாஸ்க், கட்டலான், கலீசியன் எல்லாம் அதே நாட்டில் பேசப்படும் தனி மொழிகள்.) இன்யாக்கி, கெப்பா மாதிரி பாஸ்க் பெயர்கள் பிரிவினை வாடை அடிப்பவை என்று பெயர் சொல்லியே தள்ளி வைத்தார்கள். அதே ஆண்டு இன்னொரு ஆணை வந்து, ஏற்கெனவே பிற மொழிகளில் பதிந்திருந்தவையும் செல்லாது என்றது. குடியரசுக் காலத்தில் ஆசையாக லிபெர்தாத், அதாவது சுதந்திரம் என்று பெயர் வைத்தவர்கள் பாடும் திண்டாட்டம்தான்.

யோசிச்சுப் பாருங்க. கையில குழந்தையோட ஆபீசுக்குப் போறீங்க. குமாஸ்தா, 'இந்தப் பேரெல்லாம் எழுத முடியாது, இன்யாக்கிக்குப் பதிலா இக்னாசியோன்னு எழுதிக்கறேன்' என்கிறார். அப்புறம் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், சர்டிபிகேட்டில் ஒரு பெயர். நமக்கும் வீட்டுப் பேருன்னு ஒண்ணு உண்டுதான். ஆனா அது நாம விரும்பி வச்சது. வெளியே சொன்னால் வம்பு வரும் என்று உள்ளே வைத்துக்கொண்ட பெயர் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லியாகணும். அந்த பாஸ்க் பெயர்கள் பலவும் ஒன்றும் ஆதிகாலத்தவை அல்ல. பாஸ்க் தேசியவாதத்தைத் தொடங்கி வைத்த சபினோ அரானா 1903-ல் இறந்தார். அவர் விட்டுப்போன வேலையை லூயிஸ் எலெய்சால்தே முடித்து, 1910-ல் புனிதர் பெயர்ப் பட்டியல் ஒன்று வெளிவந்தது. ஸ்பானிஷ் பெயரின் பொருளை எடுத்து பாஸ்க்கில் புதுச் சொல்லாக்கினார்கள். நம்ம சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற்கலைஞர் ஆன மாதிரி. டோலோரஸ் நெகானே ஆனாள். விசிதாசியோன், அதாவது மாதா எலிசபெத்தைப் பார்க்கப் போன நிகழ்ச்சி, இகெர் ஆனது. நியெவெஸ்? எதுர்னே ஆனாள். பனிதான்.

கணக்குப்படி பார்த்தால் எதுர்னே என்றாலும் நியெவெஸ் என்றாலும் ஒரே மாதா, ஒரே திருநாள், ஒரே பொருள். ஆனால் ஒன்றை எழுதலாம், இன்னொன்றை எழுதக்கூடாது. பொருளா முக்கியம்? யார் மொழி என்பதுதான் அங்கே கேள்வி.

1974-க்கு வருவோம். கால்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்த கதைதான். டச்சு ஆட்டக்காரர் யோஹான் கிரைஃப் அப்போது பார்சிலோனா அணியில் இருந்தார். பிப்ரவரி 9-ம் தேதி ஆம்ஸ்டர்டாமில் அவருக்கு மகன் பிறந்தான். ஜோர்டி என்று பெயர் வைத்தார். அது கட்டலோனியாவின் காவல் புனிதர் பெயர், நம்ம ஜார்ஜ்தான். (கிரேக்கத்தில் விவசாயி என்று பொருள், கேரளாவின் வர்கீஸும் இதே ஆள்தான்.) பார்சிலோனாவில் பதியப் போனால், 'ஜோர்டி கூடாது, ஹோர்ஹே என்றுதான் எழுதுவோம்' என்றார்கள். கிரைஃப் மசியவில்லை. ஆம்ஸ்டர்டாமில் பதிந்தாயிற்று, இதோ காகிதம் என்று நீட்டினார். பிப்ரவரி 17-ம் தேதிதான் பார்சிலோனா மாட்ரிட்டுக்கே போய் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று துவைத்துப் போட்டிருந்தது. அந்த ஆளை என்ன செய்வது? எழுதிக்கொண்டார்கள்.

நல்ல கதை. எனக்கும் பிடிக்கும். ஆனால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் அஞ்சு கோலும் இல்லாத தகப்பன்கள் ஹோர்ஹே என்று எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல்தான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

பிராங்கோ 1975 நவம்பரில் இறந்தார். 1977 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். பிள்ளைக்கு எந்த ஸ்பெயின் மொழியிலும் பெயர் வைக்கலாம், பெரியவர்களும் தங்கள் பெயரை மாற்றிப் பதிந்துகொள்ளலாம் என்று ஆனது. நாலு வருஷம் கழித்து, 1981-ல், மாட்ரிட் பக்கத்தில் மோஸ்தோலெஸ் என்ற ஊரில் ஒரு பையன் பிறந்தான். இகெர் காசியாஸ். 2010-ல் ஸ்பெயின் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கியவர். அதே 2010-ல் எதுர்னே பசபான் என்ற பாஸ்க் பெண், எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட 14 சிகரங்களையும் ஏறி முடித்தார். பனி என்று பேர் வைத்ததற்குப் பழுதில்லை :-)

கடைசியாக ஒன்று. தடை இருந்த காலம் முழுக்க ஸ்பெயினில் ஜாம் ஜாமென்று வைக்கப்பட்ட பெயர் ஹவியெர். யாரும் ஆட்சேபிக்கவில்லை, புனிதர் பெயராச்சே. ஆனால் அது சுத்தமான பாஸ்க். 'எச்செ பெரி', அதாவது புதுவீடு, என்பதன் திரிபு. நவார்ரா நாட்டில் ஒரு கோட்டையின் பெயர் அது. அங்கே 1506-ல் பிறந்தவர்தான் பிரான்சிஸ் சேவியர். 1512-ல் காஸ்தீலியப் படை நவார்ராவைப் பிடித்தது. 1516-ல் அந்தக் கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடித்துத் தள்ளினார்கள். அப்போது பையனுக்கு வயது பத்து. ஹவியெர் என்று எழுதினால் சரி, அதையே பாஸ்க் எழுத்துமுறையில் ஷபியெர் ஆக்கினால் தப்பு, இதுதான் பிராங்கோ காலத்துச் சட்டம்.

அந்தப் பையன் வளர்ந்து 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். நாம் அவரைச் சவேரியார் ஆக்கினோம். சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் என்று பிள்ளைகளுக்கு வைத்தோம். கட்டின பெயருக்கு எந்த ஆபீசிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சவரிமுத்து என்று யாரையாவது சந்தித்தால் சொல்லுங்கள், உங்கள் பேரில் பாதி பாஸ்க், பொருள் புதுவீட்டு முத்து என்று.