மணவுறவில் முடிந்த போர்கள்: விலை கொடுத்தவர் யார்?

போளூரை அடுத்த படைவீடு, 14ஆம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகர். பின்னர் அது விஜயநகரப் பேரரசின் ஒரு மாகாணத்துக்குப் பெயராயிற்று. 16ஆம் நூற்றாண்டில் அப்பேரரசு நடத்திய இரு போர்கள் அரச மணவுறவில் முடிந்தன. அவற்றை மக்களின் பக்கமிருந்து நாம் வாசிக்க வேண்டியுள்ளது.

முதலாவது, கிருஷ்ணதேவராயர் ஒடிசாவின் கஜபதி அரசர் பிரதாபருத்திரர் மீது தொடுத்த போர். 1513இல் உதயகிரியில் முற்றுகை தொடங்கியது. 1515இல் கொண்டவீடு வீழ்ந்தது. இறுதியில் கஜபதி தம் மகளை இராயருக்கு மணமுடித்துக் கொடுத்தார். கிருஷ்ணா ஆற்றுக்கு வடக்கே வென்ற நிலங்களை இராயர் திருப்பியளித்தார். நிலம் திரும்பியது, அதற்காக மாண்ட உயிர்கள் திரும்பவில்லை.

இரண்டாவது, அச்சுததேவராயர் காலத்தது. சோழநாட்டில் அதிகாரம் செலுத்திய செல்லப்பர் கிளர்ந்தெழுந்து திருவிதாங்கூரில் அடைக்கலம் புகுந்தார். 1532ஐ ஒட்டிப் பேரரசின் படை தாமிரபரணி வரை சென்று வென்றது. பாண்டியர் தம் மகளை அச்சுதருக்கு மணமுடித்தார். இவ்வெற்றியைப் பாட வடமொழிக் காவியமே எழுந்தது.

படைகளுக்கான செலவு எங்கிருந்து வந்தது? நாயக்கர்கள் நிலம் பெற்று, அதன் வருவாயில் படை வைத்திருந்ததோடு பேரரசருக்கும் திறை செலுத்தினர். உழவர் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கைத் தலைவர்களுக்குக் கொடுத்ததாகப் போர்ச்சுகீசியரான நூனிஸ் எழுதுகிறார். இது மிகை எனக் கொண்டாலும், சுமையின் திசை தெளிவானது. நிலவரியோடு தறிக்கும் செக்குக்கும் வரி இருந்தது. திருமணத்துக்கும் வரி இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் சில பகுதிகளில் திருமண வரி நீக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அரசர் திருமணம் நாட்டைப் பெற்றுத் தந்தது; உழைப்பவர் திருமணமோ வரி கேட்டது.

வரி செலுத்தப் பொருளற்றோரிடம் உடலுழைப்பே பறிக்கப்பட்டது. கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலையைக் கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்றும் ‘அமஞ்சி’ என்றும் குறிக்கின்றன. அந்த ‘வெட்டி’யே ‘வெட்டியான்’ என்னும் பெயராகி, ஊர்ப்பணியும் பிணப்பணியும் சுமத்தப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் மீது இன்றும் ஒட்டியிருக்கிறது.

அரசர்களின் மணவுறவுகளைக் காவியங்கள் போற்றின. உழைத்தவர்களின் பெயர்களோ வரிப்பட்டியல்களில்கூட இல்லை. அவர்கள் செலுத்தியவை மட்டுமே உள்ளன. கோயில் சுவர்களில் பொறித்த வரிப்பெயர்களை நாம் மக்கள் வரலாற்றின் ஆவணமாகப் படிப்போம். யாருடைய வெற்றி என்று கேட்பதோடு, யாருடைய உழைப்பில் என்றும் கேட்போம்.