தி ஸ்டார் ரோவர்

தி ஸ்டார் ரோவர் என்பது அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் (1876-1916) எழுதிய ஆங்கிலப் புதினம் ஆகும். இது 1915 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. தலைப்பை "விண்மீன்களிடையே அலைபவன்" எனத் தமிழில் கூறலாம். அதே ஆண்டில் பிரித்தானியாவில் இது தி ஜாக்கெட் என்னும் பெயரில் வெளியானது. தனிமைச் சிறையில் வதைக்கப்படும் ஒரு கைதி, தன் உடலை விட்டு நீங்கித் தன் முற்பிறவிகளை மீண்டும் வாழ்ந்து பார்ப்பதே இதன் கதை. மறுபிறப்பையும் பழம்பிறவி நினைவையும் கருவாகக் கொண்ட ஆங்கிலக் கனவுருப்புனைவுகளில் இது குறிப்பிடத்தக்க ஒன்றாகும். அமெரிக்கச் சிறைகளில் அன்று நடைபெற்ற கொடுமைகளை வெளிப்படுத்திய நூலாகவும் இது அறியப்படுகிறது.

கருத்துரு

பழங்கால வாழ்வை நினைவுகூரும் கதைமாந்தரைப் படைக்கும் எழுத்தாளர்கள் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைக் கையாளுகின்றனர்.

மறுபிறப்பு: உடல் அழிந்த பின்னும் உயிர் நிலைத்திருந்து வேறோர் உடலில் பிறக்கிறது. நினைவு உயிரைச் சார்ந்தது. எனவே முற்பிறவியில் வாழ்ந்தவருக்கும் இப்பிறவியில் வாழ்பவருக்கும் குருதி உறவு இருக்க வேண்டியதில்லை.

மூதாதையர் நினைவு: முன்னோர் பட்டறிவு பெற்றோர் வழியாகப் பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறது. நினைவு குருதியைச் சார்ந்தது. எனவே ஒருவர் தம் நேரடி முன்னோரின் வாழ்வை மட்டுமே நினைவுகூர இயலும்.

முதல் வழியில், நினைவில் வருபவர் கதைமாந்தரே ஆவார். இரண்டாம் வழியில், நினைவில் வருபவர் வேறொருவர். நினைவு மட்டுமே கைமாறி வந்துள்ளது. ஜாக் லண்டன் இவ்விரு வழிகளையும் தனித்தனி நூல்களில் கையாண்டுள்ளார்.

முந்தைய நூல்: பிஃபோர் ஆடம்

ஜாக் லண்டனின் பிஃபோர் ஆடம் என்னும் புதினம் 1906-1907 இல் தொடராகவும் 1907 இல் நூலாகவும் வெளிவந்தது. இதில் தற்காலத்து மனிதர் ஒருவர், பெரும்பல்லன் என்னும் பொருள்படும் பெயருடைய தொல்மாந்தனின் வாழ்வைச் சிறுவயது முதல் கனவில் காண்கிறார். மரங்களில் வாழ்வோர், குகைகளில் வாழ்வோர், தீயைப் பயன்படுத்தத் தெரிந்தோர் என மூன்று கூட்டத்தார் இக்கதையில் வருகின்றனர்.

தம் கனவுகளை மறுபிறப்புக்குச் சான்றாகக் கொள்வது பிழை என்று இக்கதைசொல்லி வாதிடுகிறார். தாம் காண்பது மரபுவழி வந்த இன நினைவு என்பது அவருடைய விளக்கம். கீழே விழுவது போன்ற கனவு பலருக்கும் வருவதை அவர் சான்றாகக் காட்டுகிறார். மரத்திலிருந்து விழுந்து, தரையில் மோதுமுன் கிளையைப் பற்றிப் பிழைத்த முன்னோரின் அச்சமே அக்கனவு. தரையில் மோதியவர்கள் சந்ததி இன்றி இறந்துவிட்டனர். ஆகையால் கனவில் எவரும் தரையைத் தொடுவதில்லை என்கிறார்.

இவ்விளக்கம் படிப்போரைக் கவர்வது என்றாலும் அறிவியலுக்கு ஒத்ததன்று. ஒருவர் கண்ட காட்சிகளும் நிகழ்ச்சிகளும் மரபணு வழியாகச் சந்ததியினருக்கு நினைவாகச் செல்வதில்லை.

கதைச் சுருக்கம்

தி ஸ்டார் ரோவரின் கதைசொல்லி டாரல் ஸ்டாண்டிங். இவர் கலிபோர்னியாவில் வேளாண் அறிவியல் பேராசிரியராக இருந்தவர். உடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவரைக் கொன்ற குற்றத்துக்காகச் சான் குவென்டின் சிறையில் ஆயுள் தண்டனை பெறுகிறார்.

தன்னலம் கருதும் மற்றொரு கைதி, ஸ்டாண்டிங் சிறைக்குள் வெடிமருந்தை மறைத்து வைத்திருப்பதாகப் பொய் கூறுகிறான். சிறை அதிகாரி ஏதர்ட்டன் அதை நம்பிவிடுகிறார். இல்லாத வெடிமருந்து இருக்கும் இடத்தை ஸ்டாண்டிங்கால் கூற முடியவில்லை. கூற மறுக்கிறார் என்றே அதிகாரி கருதுகிறார். அதனால் அவர் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டு, "ஜாக்கெட்" என அழைக்கப்பட்ட தண்டனைக்கு ஆளாகிறார். உடலைத் தடித்த கித்தான் துணியால் சுற்றி, கயிற்றால் மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கிக் கட்டித் தரையில் கிடத்துவதே இத்தண்டனை.

அடுத்த அறைகளில் எட் மோரெல், ஜேக் ஓப்பன்ஹைமர் என்னும் இரு கைதிகள் உள்ளனர். மூவரும் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பேசிக்கொள்கின்றனர். இம்முறையிலேயே ஸ்டாண்டிங் ஓப்பன்ஹைமருக்குச் சதுரங்கமும் கற்பிக்கிறார். கட்டப்பட்ட நிலையில் உயிர் பிழைப்பதற்குச் "சிறு மரணம்" என்னும் முறையை மோரெல் கற்றுத்தருகிறார். கால்விரல் தொடங்கி உடலின் ஒவ்வொரு பகுதியும் இறந்துவிட்டதாக மன உறுதியால் எண்ண வேண்டும். உடல் முழுவதும் அவ்வாறு இறந்தபின் உயிர் தனித்து வெளியேறும் என்பது மோரெலின் கூற்று.

ஸ்டாண்டிங் இதில் வெற்றி பெறுகிறார். முதலில் விண்மீன்களிடையே நடந்து செல்வதாகவும், கையிலுள்ள நீண்ட கண்ணாடிக் கோலால் ஒவ்வொரு விண்மீனையும் தொடுவதாகவும் உணர்கிறார். நூலின் தலைப்பு இக்காட்சியைச் சுட்டுகிறது. பின்னர் தம் முற்பிறவிகளுக்குள் நுழைகிறார். மோரெலால் அவ்வாறு காலத்தில் பின்செல்ல முடிவதில்லை. அவர் உடலை நீங்கி நிகழ்கால உலகில் மட்டுமே உலவுகிறார். ஓப்பன்ஹைமரோ இவை உண்மை என்பதை நம்ப மறுக்கிறார்.

இறுதியில், காவலர் ஒருவரைத் தாக்கியதற்காக ஸ்டாண்டிங்குக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்படுகிறது. ஃபால்சம் சிறையில் தூக்குக்குக் காத்திருக்கும் நாட்களில் அவர் எழுதும் குறிப்புகளாகவே புதினம் அமைந்துள்ளது. அடுத்து யாராகப் பிறப்போம் என்னும் ஆவலோடு அவர் சாவை எதிர்கொள்கிறார்.

நினைவுகூரப்படும் பிறவிகள்

* கீயோம் தெ செயின்ட்-மோர்: வாட்போரில் வல்ல பிரெஞ்சுப் பிரபு.
* ஜெசி ஃபான்சர்: மேற்கு நோக்கிச் செல்லும் குடியேறிகளின் வண்டித்தொடரில் பயணம் செய்யும் சிறுவன். 1857 ஆம் ஆண்டின் மவுண்டன் மெடோசு படுகொலையில் இறக்கிறான்.
* துறவி: எகிப்தின் குகையொன்றில் உலகின் முடிவை எதிர்நோக்கித் தவம் செய்பவர்.
* ஆடம் ஸ்ட்ராங்: கப்பல் உடைந்து கொரியாவில் கரையேறும் ஆங்கிலேய மாலுமி. அரண்மனையில் உயர்நிலை பெற்றுப் பின் வீழ்ந்து, தம் மனைவி ஓம் சீமாட்டியுடன் பல்லாண்டுகள் இரந்து வாழ்கிறார்.
* ராக்னர் லோட்ப்ரோக்: வடநாட்டில் பிறந்து உரோமைப் படையில் சேர்ந்த வீரர். எருசலேமில் பிலாத்துவின் கீழ்ப் பணிபுரிகிறார். இயேசுவைக் காப்பாற்றுமாறு தாம் விரும்பும் பெண் மிரியம் வேண்டியும் படைக்கடமையை மீற மறுத்து, அவளை இழக்கிறார்.
* டேனியல் ஃபாஸ்: ஆளற்ற தீவில் தனித்து விடப்பட்டுப் பல ஆண்டுகள் உயிர் வாழ்பவர். தம் வரலாற்றைத் துடுப்பொன்றில் செதுக்குகிறார்.

இவற்றுடன் வரலாற்றுக்கு முந்தைய காலத்து வில்லாளி ஒருவரின் வாழ்வும் இடம்பெறுகிறது. ஸ்டாண்டிங்குக்குச் சிறுவயதிலேயே இந்நினைவு இருந்ததாகவும் கூறப்படுகிறது. மினசோட்டாவில் உள்ள பண்ணை வீட்டுக்கு வந்த சமயப் பரப்புநர் ஒருவர் திருநாட்டின் ஒளிப்படங்களைக் காட்டியபோது, அங்குச் சென்றிராத சிறுவன் அவ்விடங்களை அடையாளம் காண்கிறான்.

உண்மை நிகழ்வுகளின் பின்னணி

எட் மோரெல் (1868-1946) உண்மையில் வாழ்ந்தவர். சான் குவென்டின் சிறையில் தனிமைச் சிறையையும் கித்தான் கட்டையும் அனுபவித்து, 1908 இல் மன்னிப்புப் பெற்று விடுதலையானார். ஜாக் லண்டனைச் சந்தித்துத் தம் பட்டறிவை எடுத்துரைத்தார். 1924 இல் தம் வரலாற்றைத் தாமே நூலாகவும் வெளியிட்டார்.

ஜேக்கப் ஓப்பன்ஹைமரும் உண்மையான கைதியே. கலிபோர்னியாவில் அன்று ஆயுள் கைதி ஒருவர் பிறரைத் தாக்கினால், தாக்கப்பட்டவர் இறக்காவிடினும், தூக்கிலிட இடமளித்த சட்டம் இருந்தது. அச்சட்டத்தின்படி அவர் 1913 இல் ஃபால்சம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். புதினத்தில் ஸ்டாண்டிங்குக்கு நேரும் முடிவும் இதே சட்டத்தால் ஆனதே.

மவுண்டன் மெடோசு படுகொலை 1857 செப்டம்பரில் யூட்டாவில் நடந்தது. ஏறத்தாழ 120 பேர் கொல்லப்பட்டனர். 17 சிறு குழந்தைகள் மட்டுமே உயிருடன் விடப்பட்டனர். கொரியப் பகுதிக்கு, 1904 இல் உருசிய-சப்பானியப் போர்ச் செய்தியாளராக ஜாக் லண்டன் அந்நாட்டுக்குச் சென்றிருந்தது துணைபுரிந்தது.

ஜாக் லண்டனின் தாய் ஆவியுலகக் கொள்கையில் ஈடுபாடு கொண்டவர். ஆனால் ஜாக் லண்டன் தம்மைப் பொருள்முதல்வாதியாகவே கருதினார். அவரும் 1894 இல் நாடோடியாகத் திரிந்ததற்காக நியூயார்க் மாநிலச் சிறையொன்றில் 30 நாட்கள் அடைக்கப்பட்டிருந்தார்.

கருப்பொருள்

பிஃபோர் ஆடம் மறுபிறப்பை மறுக்க, தி ஸ்டார் ரோவர் அதை ஏற்கிறது. கதையின் தேவையே இம்மாற்றத்துக்குக் காரணம் எனக் கொள்ளலாம். முன்னோரின் நினைவு மட்டுமே ஒரு கைதியிடம் இருந்தால், அவன் தூக்கிலிடப்படும்போது அந்நினைவும் அவனோடு அழிந்துபோகும். நினைவு உயிருக்கு உரியதானால், அரசு கொல்வது உடலை மட்டுமே ஆகும். சிறை அதிகாரியின் முன் கட்டுண்டு கிடக்கும் ஸ்டாண்டிங் சிரிப்பதற்கு இந்நம்பிக்கையே அடிப்படை. தனக்கென எதுவும் எஞ்சாத ஒருவனிடமிருந்து பறிக்க முடியாத உடைமையாகப் பழம்பிறவி நினைவு இங்கு அமைகிறது.

இந்தியச் சமயங்கள் கூறும் மறுபிறப்பிலிருந்து இது வேறுபட்டது. இதில் வினைப்பயன் இல்லை. ஒரு பிறவியின் செயல் அடுத்த பிறவியின் இன்பதுன்பத்தை முடிவு செய்வதில்லை. பிறவியிலிருந்து விடுதலை பெறுவதும் நோக்கமாகக் கூறப்படவில்லை. ஸ்டாண்டிங் மீண்டும் பிறக்கவே விரும்புகிறார்.

நூலின் குறைகளும் இங்கேயே வெளிப்படுகின்றன. உயிருக்கு இனமோ பாலோ தடையன்று என்பது மறுபிறப்புக் கருத்தின் இயல்பான விளைவு. ஆயினும் விரிவாகச் சொல்லப்படும் பிறவிகள் அனைத்தும் ஆண்பிறவிகள். பெரும்பாலானோர் ஐரோப்பிய வழியினர். ஆரிய இனத்தின் பெருமை பேசும் பகுதிகளும் உள்ளன. கொரியர்கள் ஒரு வெள்ளையரின் கண்வழியாகவே காட்டப்படுகின்றனர். உயிரின் நினைவு எனத் தொடங்கிய கதை, ஆசிரியர் காலத்து இனக்கொள்கையின் பிடியில் குருதியின் நினைவை நோக்கிச் சரிகிறது எனலாம்.

பிற்காலப் படைப்புகள்

இராபர்ட் எர்வின் ஹோவர்டு (1906-1936) தி ஸ்டார் ரோவரை விரும்பிப் படித்தவர். அவர் படைத்த ஜேம்ஸ் அலிசன், ஒரு காலை இழந்த டெக்சாசுக்காரர். வலிமை மிக்க போர்வீரராகத் தாம் வாழ்ந்த முற்பிறவிகளை நினைவுகூர்பவர். இவ்வரிசையைச் சேர்ந்த தி வேலி ஆஃப் த வேர்ம் என்னும் கதை 1934 இல் வெளிவந்தது. இதில் இன நினைவும் மறுபிறப்பும் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன.

பிராங்கு ஹெர்பெர்ட்டின் அறிபுனைப் புதினமான டூன் (1965) குருதிவழி நினைவை விரிவாகக் கையாண்டது. இதில் பெனி கெசரிட் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் தம் பெண்வழி முன்னோரின் நினைவுகளைப் பெறுகின்றனர். சில்ரன் ஆஃப் டூன் (1976) நூலில் ஆலியா என்பவளை அவளுடைய இறந்த தாய்வழிப் பாட்டனின் நினைவே ஆட்கொண்டுவிடுகிறது. ஸ்டாண்டிங்குக்கு விடுதலை தந்த நினைவு, இங்கு வாழ்பவரை அடிமைப்படுத்தும் சுமையாக மாறுகிறது.

திரைப்படங்கள்

எட்வர்டு ஸ்லோமன் இயக்கிய பேசாப்படம் 1920 இல் இப்புதினத்தின் பெயரிலேயே வெளிவந்தது. 2005 இல் வெளியான தி ஜாக்கெட் என்னும் திரைப்படம், கட்டப்பட்ட நிலையில் காலம் கடந்து செல்லுதல் என்னும் கருவை மட்டும் ஒத்திருக்கிறது; அதன் கதை வேறு.