பெரோத்தே பாம்பின் குடும்பம்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் கல்லைப் புரட்டினாலோ கிடக்கும் கட்டையை நகர்த்தினாலோ சில நேரம் ஒரு பழுப்புப் பாம்பு நெளியும். தலை எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கண்கள் மிகச் சிறியவை. வெயில் பட்டால் செதில்களில் வானவில் நிறங்கள் ஓடும். மண்புழுதான் அதற்கு இரை. மனிதருக்கு அதனால் ஆபத்தே இல்லை. யாருக்கும் தொந்தரவு தராத இந்தப் பாம்பின் சொந்தபந்தம் யார் என்று கண்டுபிடிக்க, பெயர் வைத்ததிலிருந்து 164 ஆண்டுகள் ஆயின.

1830களில் நீலகிரியில் செடிகொடிகளைத் திரட்டியவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே. பின்னாளில் புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தைக் கவனித்து, 1870இல் அந்த ஊரிலேயே காலமானார். பாரிஸ் அருங்காட்சியகத்தில் துமேரில் குழுவினர் 1854இல் இந்தப் பாம்பை விவரித்தபோது அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். நான்கே ஆண்டுகளில் லண்டனில் குந்தர் இதே பாம்பைப் புதியதென்று எண்ணி வேறு பெயர் சூட்டினார். மதராஸ் மாகாண வனத்துறையில் இருந்த ராணுவ அதிகாரி பெடோம் 1878இல் சைலோஃபிஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். 1890இல் பூலாஞ்சே நீலகிரிப் பாம்பையும் அதற்குள் கொண்டுவந்தார். இன்றும் அது சைலோஃபிஸ் பெரோத்தெட்டிதான்.

சிற்றினத்தை அடையாளம் காண்பதற்குப் பொறுமைதான் வேண்டும். பாம்பை மல்லாத்தி, தொண்டையிலிருந்து மலத்துளை வரை அகன்ற வயிற்றுச் செதில்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பிறகு நடு உடம்பில் ஒரு சுற்று, முதுகுச் செதில் வரிசைகளை எண்ண வேண்டும். பெரோத்தே பாம்புக்கு 13 வரிசை. அதன் உறவான சைலோஃபிஸ் ஸ்டெனோரிங்கஸுக்கு 15. இந்த இரண்டு எண்ணின் வித்தியாசத்தில் ஓர் உயிரின் அடையாளமே இருக்கிறது என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

ஆனால் செதில் எண்ணிக்கை குடும்பத்தைச் சொல்லிவிடாது. மண்ணுக்குள் வாழும் பாம்புகள் எந்த வழியில் வந்திருந்தாலும் சிறிய தலை, சிறிய கண், வழுவழுப்பான உடம்பு என்று ஒரே சாயலுக்கு வந்துவிடுகின்றன. அதனால் இதைப் பொதுவான கொலுப்ரிடே கூட்டத்தில் வைத்தார்கள். பிறகு சீனோடெர்மிடே குடும்பத்துக்கு மாற்றினார்கள்.

2018இல் வீ. தீபக், சாரா ருவான், டேவிட் கோவர் மூவரும் மூன்று சைலோஃபிஸ் சிற்றினங்களின் மரபணுக்களை மற்றப் பாம்புகளோடு ஒப்பிட்டார்கள். நெருங்கிய உறவாக வந்து நின்றது பேரெய்டே: நத்தையும் ஓடில்லா நத்தையும் தின்னும் ஆசியப் பாம்புக் குடும்பம். இதை யாரால் ஊகித்திருக்க முடியும்? அந்தப் பாம்புகளில் பெரும்பாலானவை இரவில் செடியிலும் மரக்கிளையிலும் ஊர்பவை. பெரிய கண்ணும் கழுத்திலிருந்து தனித்துத் தெரியும் தலையும் கொண்டவை. அவற்றில் ஒன்றான, ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் வாழும் இவாசாகி பாம்பின் கீழ்த்தாடையில் வலப்பக்கம் சுமார் 25 பற்கள், இடப்பக்கம் 18தான். பெரும்பாலான நத்தை ஓடுகள் வலஞ்சுழியாக இருப்பதால், சதையை ஓட்டிலிருந்து இழுத்தெடுக்க அமைந்த வாய் அது. நம் பாம்போ மண்ணுக்குள் புழு தேடுகிறது. அதனால் சைலோஃபினே என்ற தனித் துணைக்குடும்பம் அமைத்து, பேரெய்டே குடும்பத்தில் சேர்த்தார்கள்.

இதைவிட வியப்பூட்டுவது நிலப்படம். மற்றப் பேரெய்டே பாம்புகள் வடகிழக்கு இந்தியாவில் தொடங்கி தென்சீனா, தைவான், ஜப்பானின் தென்கோடித் தீவுகள், இந்தோனேசியா வரை பரவியிருக்கின்றன. சைலோஃபிஸ் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும். நடுவில் தீபகற்பத்தின் வறண்ட சமவெளி முழுக்க இந்தக் குடும்பத்தின் ஒரு பாம்புகூட இல்லை.

2020இல் ஆனைமலையிலிருந்து ஒரு புதிய சிற்றினம் விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கன்னியாகுமரிப் பக்கமிருந்து இன்னொன்று: 15 முதுகு வரிசை, 117க்குக் குறையாத வயிற்றுச் செதில், கழுத்தில் வெளிறிய அகலப்பட்டை. துணைக்குடும்பத்தை நிறுவிய தீபக்கின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதைத் தேடி யாரும் அடர்காட்டுக்குள் போகவில்லை; முதலில் அது கண்ணில் பட்டது ஒரு தென்னந்தோப்பில்.