அசையும் சொத்தும் அசையாச் சொத்தும்

அசையும் சொத்து, அசையாச் சொத்து என்பன இந்தியச் சட்டத்தில் சொத்துகள் பகுக்கப்படும் இரு பெரும் பிரிவுகள் ஆகும். நிலம், வீடு முதலியன அசையாச் சொத்துகள். நகை, கால்நடை, வண்டி முதலியன அசையும் சொத்துகள். பழைய பத்திரங்களில் அசையாச் சொத்து ஸ்தாவரம் என்றும் அசையும் சொத்து ஜங்கமம் என்றும் எழுதப்பட்டன. ஒரு பொருளை இடம் பெயர்க்க இயலுமா என்பது மட்டுமே இவ்வகைப்பாட்டைத் தீர்மானிப்பதில்லை. அப்பொருள் நிலத்துடன் எவ்வாறு, எந்நோக்கத்துடன் பிணைந்துள்ளது என்பதும் கருதப்படுகிறது.

ஆங்கிலேயச் சட்டத்துடன் ஒப்பீடு

ஆங்கிலேயச் சட்டம் சொத்துகளை ரியல் புராப்பர்ட்டி, பர்சனல் புராப்பர்ட்டி எனப் பிரித்தது. இடைக்காலத்தில், நிலத்தை இழந்தவர் அந்நிலத்தையே வழக்கின் மூலம் மீட்க முடிந்தது. பிற பொருள்களை இழந்தவருக்குப் பெரும்பாலும் இழப்பீடே கிடைத்தது. இப்பிரிவினையின் வேர் இவ்வேறுபாட்டில் உள்ளது. இதனால் நிலக் குத்தகை உரிமைகூட அங்கு இரண்டாம் வகையில் சேர்க்கப்பட்டது. இந்தியச் சட்டத்தில் குத்தகை என்பது அசையாச் சொத்தைத் துய்க்கும் உரிமையின் மாற்றம் ஆகும்.

சட்ட வரையறை

1897 ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின்படி நிலம், நிலத்திலிருந்து எழும் பயன்கள், நிலத்துடன் இணைந்த பொருள்கள், அவ்வாறு இணைந்தவற்றுடன் நிலையாகப் பொருத்தப்பட்டவை ஆகியன அசையாச் சொத்தில் அடங்கும். ஏனைய அனைத்தும் அசையும் சொத்து ஆகும். 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் வெட்டுமரம், வளரும் பயிர், புல் ஆகியவற்றை அசையாச் சொத்திலிருந்து விலக்குகிறது. 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் மரத்திலுள்ள பழத்தையும் மரத்தின் சாற்றையும் அசையும் சொத்தாகக் கொள்கிறது.

எடுத்துக்காட்டு: கொய்யாத் தோட்டம்

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடி, கொய்யாச் சாகுபடிக்குப் பெயர் பெற்ற பேரூராட்சி ஆகும். அங்குள்ளதைப் போன்ற ஒரு தோட்டத்தில் இரு வகைச் சொத்துகளையும் காணலாம்.

• நிலமும் கிணறும் அசையாச் சொத்து.
• வேரூன்றி நின்று ஆண்டுதோறும் காய்க்கும் கொய்யா மரம் அசையாச் சொத்து.
• அம்மரத்தில் தொங்கும் பழம், பதிவுச் சட்டத்தின்படி அசையும் சொத்து.
• கிணற்றிலுள்ள பம்புசெட், அது பொருத்தப்பட்ட முறையையும் நோக்கத்தையும் பொறுத்து எவ்வகையிலும் அடங்கலாம்.

எனவே மரத்திலுள்ள ஒரு பருவக் காய்களை மட்டும் வியாபாரிக்கு விற்பதற்குப் பதிவுப் பத்திரம் தேவையில்லை. ஆனால் தோட்டத்தையே ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்திற்குக் குத்தகைக்கு விடுவதாயின், பதிவுச் சட்டத்தின்படி அக்குத்தகை ஆவணத்தைப் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டும். பேச்சளவில் முடிக்கப்படும் உடன்பாடுகளில் இவ்வேறுபாடு முக்கியமானது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

சாந்தாபாய் எதிர் பம்பாய் மாநிலம் (1958) வழக்கில், காட்டில் பல ஆண்டுகள் மரம் வெட்டி எடுத்துச் செல்லும் உரிமை பதிவு செய்யப்படாத ஆவணம் ஒன்றின் மூலம் கோரப்பட்டது. உச்ச நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. விரைவில் வெட்டப்படவுள்ள மரமே வெட்டுமரம் என்றும், தொடர்ந்து நிலத்திலிருந்து ஊட்டம் பெற்று வளரவுள்ள மரம் அசையாச் சொத்து என்றும் நீதிபதி விவியன் போஸ் தமது தீர்ப்பில் விளக்கினார்.

ஆனந்த பெஹரா எதிர் ஒரிசா மாநிலம் (1955) வழக்கு சிலிக்கா ஏரியின் மீன்பிடி உரிமை பற்றியது. ஏரிக்குள் சென்று மீன் பிடித்து எடுத்துச் செல்லும் உரிமை நிலத்திலிருந்து எழும் பயன் என்றும், ஆதலால் வாய்மொழியாக அதனை விற்றது செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. மீன் நீந்தினாலும், அதனைப் பிடிக்கும் உரிமை அசையாச் சொத்தாயிற்று.

வேறுபாட்டின் விளைவுகள்

• பதிவு: 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்கப் பதிவு செய்யப்பட்ட ஆவணம் தேவை. அசையும் சொத்தைப் பொதுவாகப் பதிவின்றி விற்கலாம்.
• தானம்: அசையாச் சொத்தைத் தானம் அளிக்கப் பதிவு கட்டாயம். அசையும் சொத்தைக் கையில் ஒப்படைத்தும் தானம் அளிக்கலாம்.
• விற்பனையில் அடங்குபவை: மாறான உடன்பாடு இல்லையெனில், வீட்டை விற்கும்போது அதன் பூட்டு, சாவி, கதவு, சன்னல் ஆகியனவும் வாங்குபவரைச் சேரும்.
• காலவரையறை: 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, அசையாச் சொத்தின் உடைமையை மீட்கும் வழக்கிற்குப் பொதுவாக 12 ஆண்டுகளும், அசையும் சொத்தை மீட்கும் வழக்கிற்கு 3 ஆண்டுகளும் உண்டு.
• திருட்டு: அசையும் சொத்து மட்டுமே திருட்டுக்கு உள்ளாகும். நிலத்தில் நிற்கும் மரத்தை ஒருவர் நேர்மையற்ற நோக்கத்துடன் வெட்டினால், அது நிலத்திலிருந்து பிரிந்தவுடன் திருட்டுக் குற்றம் நிகழ்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்த இவ்விதி, 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது.

இவற்றையும் பார்க்க

• குத்தகை
• பத்திரப் பதிவு
• ஆயக்குடி