மண்டபத்தில் சொல் கேட்ட சரித்திரம்

ஒலிபெருக்கி நம் மேடைகளுக்கு வந்து சேராத காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைக்கோடியில் மணல் தரையில் உட்கார்ந்திருந்தவனுக்கும் ராஜபார்ட்டின் வசனம் பிசிறில்லாமல் கேட்டதென்று பெரியவர்கள் சொல்லும்போது, நாம் அந்த நடிகர்களின் சாரீர பலத்தை வியந்து பேசுவதோடு நின்றுவிடுகிறோம். சாரீர பலம் மெய்தான், எஸ். ஜி. கிட்டப்பா போன்றவர்கள் பாலப் பருவம் முதல் பயின்ற உச்ச சுருதிப் பாட்டு, எவ்வளவு பெரிய கூட்டத்தின் இரைச்சலையும் ஊடுருவிச் செல்ல வல்லதாக இருந்தது. ஆயினும் அந்தக் கீர்த்தியில் ஒரு பங்கு கொட்டகைக்கும் சேர வேண்டியது நியாயம். தென்னங்கீற்று வேய்ந்த கூரையும், பக்கத்துத் தட்டிகளும், மணல் பரப்பிய தரையும், தோளோடு தோள் உரச அமர்ந்திருந்த ஜனத்திரளும் தம்மேல் பட்ட சப்தத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டமையால், ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின்மேல் ஏறி அதைச் சிதைக்க வழியில்லாமல் போயிற்று. கொட்டகை போட்டவர் சாஸ்திரம் கற்றவரல்லர். செலவைச் சுருக்கக் கருதிக் கிடைத்ததைக் கொண்டு வேய்ந்தார். அந்தச் சிக்கனமே செவிக்கு உபகாரமாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு சங்கடத்திலிருந்துதான் மண்டப ஒலியியல் என்னும் சாஸ்திரமே பிறந்தது. 1895-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் பிரசங்க மண்டபத்தில் ஆசிரியர் பேசியது மாணாக்கருக்கு விளங்கவில்லை. அதைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சேபின் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊர் அடங்கிய நள்ளிரவில் அவர் ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தி, நாதம் காதுக்குத் தேயும் நேரத்தை அளந்தபோது, வெறும் மண்டபத்தில் அது ஐந்தரை வினாடி நீடித்தது. பேசுகிறவர் ஒரு நீண்ட வாக்கியத்தை முடிக்கும்வரை அதன் முதற்சொல் சுவர்களுக்கிடையே அலைந்துகொண்டிருந்ததென்று அர்த்தம். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் ஆசன மெத்தைகளை இரவல் வாங்கி வந்து, அவற்றை உள்ளே சேர்க்கச் சேர்க்க எதிரொலி குறுகி வருவதை அவர் அளந்து குறித்துக்கொண்டார். பிற்பாடு பொருள்களின் உறிஞ்சும் சக்தியைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட அலகு ஒரு திறந்த ஜன்னல். அதன் வழியே வெளியேறிய சப்தம் திரும்பி வருவதில்லை அல்லவா! 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் அவருடைய கணிதத்தை முன்வைத்து எழுந்த கட்டடம்.

மின்சார ஒலிபெருக்கியின் பூர்வோத்தரமோ மண்டபத்தைச் சேர்ந்ததன்று, மைதானத்தைச் சேர்ந்தது. 1915 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஜென்சன், பிரிதம் என்னும் இருவர் தம்முடைய கருவியை சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னே திரண்ட பெருங்கூட்டத்துக்காக ஒலிக்கச் செய்தார்கள். 1919-இல் ஜனாதிபதி வில்சன் சான்டியாகோ ஸ்டேடியத்தில் பேசியதும் அவர்கள் கருவியின் வழியாகவே. நம் தேசத்தில் 1930-களில் பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனத்தார் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தார்கள்; காந்தியடிகளின் பழைய புகைப்படங்களில் மைக்கின்மேல் அந்தப் பெயரைப் பார்த்தவர் பலர். வால்வு ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொரு வாட்டும் விலையுயர்ந்த வஸ்துவாக இருந்த அக்காலத்தில், கொஞ்சம் மின்சக்தியைக் கொண்டு அதிக ஓசையைக் கிளப்பும் திறன் குழாய் ஒலிபெருக்கிக்கு இருந்தபடியால், அதுவே எங்கும் பரவிற்று. தென்னைமரத்தில் கட்டிய குழாய் அடுத்த கிராமத்துக்கும் திருவிழாவை அறிவித்தது. அரசியல் பிரசங்கம் ஆயிரக்கணக்கானவர்களை ஒரே இரவில் சென்றடைந்தது. அந்தச் சேவையை நான் மனப்பூர்வமாகப் போற்றுகிறேன்.

விபரீதம் நேர்ந்தது, மைதானத்துக் குழாயையே கான்கிரீட் கூரையின் கீழும் கொண்டுவந்து மாட்டியபோது. நீளம் 20 மீட்டர், அகலம் 12, உயரம் 5 என்று ஊரார் வரி வசூலித்துக் கட்டும் ஒரு சமுதாயக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சுவரும் தரையும் கூரையும் ஏறத்தாழ 800 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சு தன்மேல் பட்ட சப்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் விழுங்குமென்று கொண்டால், அவ்வளவும் சேர்ந்து 24 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்கே ஈடாகும். சேபினுடைய சூத்திரப்படி, 1,200 கன மீட்டர் கொள்ளளவை 0.16 ஆல் பெருக்கி 24 ஆல் வகுத்தால், வெறுங்கூடத்தில் எதிரொலி எட்டு வினாடி நிற்கும். பேச்சுக்கு உகந்ததோ ஒரு வினாடிச் சுமார். இருநூறு பேர் வந்து அமர்ந்தால் அது இரண்டு வினாடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் கிராம சபைக்கும் மாதர் சங்கக் கூட்டத்துக்கும் ஐம்பது பேர் கூடுவதே அதிகம். அத்தகைய கூட்டத்தில் சொல் விளங்கவில்லையென்று புகார் எழுந்தவுடன், நிர்வாகக் கமிட்டியார் இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கத் தீர்மானம் போடுகிறார்கள். சொல்லோடு எதிரொலியும் அதே விகிதத்தில் வளருமாதலால் பணம் வீணாகிறது. இருபது சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்து வைத்தாலோ, அந்த எட்டு வினாடி ஒரு காசும் செலவில்லாமல் நாலரைக்குள் அடங்கிவிடும். பின்சுவரில் கனத்த திரையும் கூரையடியில் தென்னைநார்ப் பலகையும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

மேனாட்டாரும் இதே இடரைக் கடந்து வந்தவர்களே. லண்டன் தூய பவுல் பேராலயத்தின் குவிமாடத்தின் கீழ் எதிரொலி பத்து வினாடிக்கும் மேல் நின்றது. 1950-களின் தொடக்கத்தில் பார்க்கின் என்னும் ஒலியியல் நிபுணரும் அவருடைய சகாக்களும், பல சிறிய ஸ்பீக்கர்களைச் செங்குத்தாக அடுக்கிய தூண் வடிவப் பெட்டிகளை அங்கே நிறுத்தி, ஓசை கூரைக்கு ஏறாமல் ஜனங்களின் தலைமட்டத்திலேயே பரவும்படி செய்தார்கள். தூரத்திலிருந்த தூண்கள் சற்றே தாமதித்து ஒலிக்கவும் ஏற்பாடு செய்தமையால், சொல் பிரசங்கியின் வாயிலிருந்தே வருவது போலக் கேட்டது. இன்று அந்தத் தூண் பெட்டிகள் சிறு பட்டணத்துக் கடைகளிலும் சகாய விலைக்குக் கிடைக்கின்றன. மேடையின் இருபுறமும் ஒவ்வொன்று போதும்.

மைக் செட்காரர்கள் அனுபவத்தால் அறிந்த மற்றொரு விஷயம் உண்டு. வாயிலிருந்து இரண்டு சாண் தள்ளி நிற்கும் மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவருவது, ஆம்ப்ளிஃபயரின் சக்தியை நாலு மடங்காக்குவதற்குச் சமம். அத்துடன் ஊளைச் சத்தமும் அடங்கும். ஆனால் பெரும்பாலான கூடங்களில் இவ்வளவு அறிந்தவரை மேடைக்குப் பின்னாலுள்ள அறையில், கூடத்தின் ஒலி ஒன்றும் எட்டாத மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். காலையில் வெறுங்கூடத்தில் அவர் சரிபார்த்து வைத்த அளவுகள், மாலையில் ஜனங்கள் நிறைந்தபின் பொருந்துவதில்லை. மாற்ற வேண்டுமென்பதை அவர் அறிய மார்க்கமும் இல்லை. அவருடைய மேஜையைக் கூடத்தின் பின்பாதியில், கேட்கிறவர்களின் நடுவே போடுவதற்கு ஆகும் அதிகச் செலவு ஒரு நீளமான கம்பிதான்.