ஸ்கடர் தம்பதியர்



நோய் முற்றினால் நம் கண்டிகையிலிருந்து வேலூருக்குத்தான் ஓடுகிறோம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. பிரிந்த சகோதரர்களின் கதை நம் ஜூபிலி மலரில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்கள் மருந்தால் பிழைத்தவர்களில் நம்மவரும் உண்டே!

நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடிருந்த டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-ல் மனைவி ஹாரியட் அம்மையாருடன் கப்பலேறினார். கல்கத்தாவில் இறங்கியதும், உடன் கொண்டுவந்த பெண்குழந்தை மாண்டது. இலங்கையில் அடுத்துப் பிறந்த சிசுக்களும் தங்கவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்! ஆயினும் இருவரும் திரும்பிப் போகவில்லை. போர்த்துக்கீசியர் காலத்துக் கோயில் பாழடைந்து கிடந்த பண்டத்தரிப்பில் குடியேறினார்கள். வைத்தியர் காலரா கண்டவர்களைத் தொட்டுப் பார்த்தார், கண்புரை நீக்கினார். அவர் பெயர் ஏடுகளில் நிற்கிறது. வீட்டையும் பிள்ளைகளையும் தாங்கிய அம்மையாரைப் பற்றி இரண்டொரு வரிகளே.

1836-ல் சென்னைக்கு வந்தார்கள். அம்மையார் அங்கேயே 1849-ல் இறந்தார். உடல் தேறவென்று தென்னாப்பிரிக்கா சென்ற டாக்டர் 1855-ல் அங்கே கண்மூடினார். புதல்வர்களில் எழுவர் இந்தியாவில் ஊழியஞ் செய்தனர். நம் திருத்தணியும் அடங்கியிருந்த அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில், 1866-ல் ராணிப்பேட்டை ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் அவர்களில் ஒருவரான சைலஸ். பேத்தி ஐடா அம்மையார் 1900-ல் வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தபோது இருந்தது ஒரே ஒரு கட்டில்.